அரை மணி அகல வாவி

கம்பியில்லாக் காலம்: வரலாற்றுத் தொடர் 11

1996 மே 24, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு 12 மணியாகும்போது எல்லா மணிக்கூடுகளையும் 1 மணிக்குத் திருப்பிவிட வேண்டும் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்திருந்தது. மழை பொய்த்திருந்தது, மலையகத்து நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடந்தன. அந்நாளில் நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு நீர்மின்னாக இருந்ததால் தண்ணீர் இறங்க இறங்க மின்வெட்டு நீண்டது. பொழுது ஒரு மணி நேரம் பிந்திச் சாய்ந்தால் மாலை விளக்குகளும் பிந்தித்தானே எரியும் என்பது அரசின் கணக்கு. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருந்த நாடு ஒரே இரவில் ஆறரை மணி முன்னால் போய் நின்றது.

காத்தான்குடி முள்ளைத் திருப்பியது. வாவிக்கு அப்பால் படுவான்கரை திருப்பவில்லை. அங்கே ஆட்சி நடத்திய விடுதலைப் புலிகள் அந்த நேர மாற்றத்தை ஏற்கவே இல்லை. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஒரே வாவியின் இரு கரையிலும் இரண்டு நேரங்கள் ஓடின.

சென்ற இதழில் 1925 டிசம்பர் 16 அன்று எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பில் பிறந்த வானொலியோடு நிறுத்தினோம். அதற்கு முந்தைய ஆண்டு பெப்ரவரி 5 முதல் பிபிசி ஒலிபரப்பத் தொடங்கிய ஆறு ‘பீப்’ ஓசைகள் எப்படி உலகத்து மணிக்கூடுகளுக்கு வாத்தியார் ஆயின என்றும் பார்த்தோம். நேரம் கம்பியில்லாமலே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, இனி ஊர் ஊருக்கு ஒரு நேரம் என்ற தொல்லை ஒழிந்தது என்று அந்தத் தலைமுறை நம்பியது. அந்த நம்பிக்கையில் எது நிலைத்தது, எது உடைந்தது என்பதை மட்டக்களப்பு வாவிக்கரையில் வைத்துப் பார்ப்பதே இந்த இதழின் வேலை.

எழுவானும் படுவானும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியில் சுமார் ஐந்து கிலோமீற்றர் போனால் காத்தான்குடி. கிழக்கே வங்கக் கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவிலுள்ள மணல் மேட்டில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் முஸ்லிம் ஊர். பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் கூப்பிடு தூரம்தான். கடலோரப் பக்கம் எழுவான்கரை. வாவியின் மேற்குப் பக்கம், வயலும் மேய்ச்சல் நிலமுமாக விரியும் பகுதி படுவான்கரை. காத்தான்குடிக்கு அடுத்துள்ள ஆரையம்பதியைத் தாண்டி மண்முனைத் துறையில் ‘பாதை’ ஏறினால், அதாவது ஆளையும் வண்டியையும் சேர்த்து ஏற்றும் மிதவையில் ஏறினால், அக்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறங்கலாம்.

இலங்கையின் நியம நேரம் கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுவது. அந்தக் கோடு இந்தியாவில் மிர்சாப்பூர் அருகே ஓடித் தெற்கே இறங்கி, இலங்கையைத் தொடாமல் கிழக்குக் கடலில் போய்விடுகிறது. காத்தான்குடி அந்தக் கோட்டுக்கு முக்கால் பாகைதான் மேற்கே. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் எடுப்பதால், ஊரின் சொந்தச் சூரிய நேரத்துக்கும் நியம நேரத்துக்கும் ஏறத்தாழ 3 நிமிட வித்தியாசமே உண்டு. கொழும்புக்கோ வித்தியாசம் பத்தரை நிமிடத்துக்கு மேல். ஆக, நாட்டின் நேரத்தை அறிவிக்கும் நகரத்தைவிட அதைக் கேட்டு நடக்கும் இந்தக் கிழக்கூர்தான் அந்த நேரத்துக்கு இயற்கையாகவே நெருங்கிய ஊர்.

1880இல் இருந்து இலங்கைக்குக் கொழும்பை அடுத்த மொறட்டுவையின் சராசரி நேரம் நாட்டு நேரமாக இருந்தது: கிரீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 வினாடி முன். 1906இல் இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணிக்கு மாறின. 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தபோது அதனோடு ஸ்டேஷன் மணிக்கூடும் வந்தது. அடுத்து உலகப் போர். 1942 ஜனவரி 5 அன்று நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது; செப்டம்பரில் இன்னோர் அரை மணி; 1945 ஒக்டோபர் 16 அன்று பழையபடி ஐந்தரைக்கே திரும்பியது. 1996இல் வந்த ஆறரை மணி நேரம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் மூன்று ஆண்டுகள் பழகியதுதான்.

அந்தப் போர்க்காலத்துச் சம்பவம் ஒன்று இங்கே நமக்கு உதவும். 1942 ஏப்ரல் 9 காலை, மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்ம்ஸை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அன்று கரையில் மணிக்கூடுகள் கிரீன்விச்சுக்கு ஆறு மணி முன்னால். குண்டு போட்ட ஜப்பானியக் கடற்படையோ எந்தக் கடலில் இருந்தாலும் தோக்கியோ நேரத்தில், அதாவது ஒன்பது மணி முன்னால், பதிவேடு எழுதியது. ஒரே குண்டு விழுந்த நேரம் இரண்டு ஏடுகளில் மூன்று மணி நேரம் தள்ளித் தள்ளி நிற்கும். இரண்டு ஏடும் சரி. எந்த நேரம் என்று குறிக்காத ஏடுதான் வரலாறு எழுதுகிறவனைக் கவிழ்க்கும்.

சூரியனும் றேடியோவும்

பள்ளிவாசலின் நேரம் வேறு வழியில் வருவது. உச்சியிலிருந்து சூரியன் சாய்ந்தால் லுஹர். நட்ட கம்பின் நிழல், நண்பகலில் இருந்த நிழலுக்கு மேல் கம்பின் உயரம் அளவுக்கு நீண்டால் ஷாபிஈ மத்ஹபின்படி அஸர். சூரியன் மறைந்தால் மஃரிப், செவ்வானம் அடங்கினால் இஷா, கிழக்கு வெளுத்தால் சுபஹ். இதற்கு அரசாங்கத்தின் அறிவிப்பு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பள்ளிவாசலும் தன் முற்றத்தின் நிழலைப் பார்த்துத் தானே நேரம் குறித்துக்கொள்ள முடியும். இரண்டு பள்ளிவாசல்கள் ஒன்றையொன்று கேட்காமலே ஒத்துப்போகும், ஏனென்றால் இரண்டுக்கும் மேலே உள்ள சூரியன் ஒன்று. தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு முன் நகரா முரசு அடித்து ஊரைக் கூட்டிய காலத்தில் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் இப்படித்தான் நேரம் காத்தன.

றேடியோ வந்ததும் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை கொழும்பிலிருந்து பாங்கை ஒலிபரப்பியது. கொழும்புக்கும் காத்தான்குடிக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 220 கிலோமீற்றர். வானொலி அலை அதைக் கடக்க ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. ஆகவே கொழும்பில் பாங்கு எழும்பிய கணமே காத்தான்குடியிலும் கேட்கும். சூரியனுக்கு மட்டும் அந்த வேகம் இல்லை. இரு ஊர்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 1.9 பாகை, சூரியன் அதைத் தாண்ட ஏழரை நிமிடம் வேண்டும். கொழும்பில் மஃரிபு நேரம் வருவதற்கு ஏழு நிமிடத்துக்கு முன்னமே காத்தான்குடியில் நோன்பு திறக்கும் நேரம் வந்துவிடும். கொழும்பு றேடியோவை நம்பி இருந்தால் நோன்பாளி கையில் ஈத்தம்பழத்தோடு வீணாகக் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, விடியுமுன் உண்ணும் ஸஹரில் நேரும். கொழும்பில் சுபஹுக்குப் பாங்கு சொல்லும் வரை சாப்பிடலாம் என்று இருந்தால், கிழக்கில் அதற்குள் விடிந்துவிட்டிருக்கும்.

இதனால்தான் அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா வெளியிடும் தொழுகை நேர அட்டவணை நாட்டை வலயங்களாகப் பிரிக்கிறது. றேடியோவிலிருந்து வந்த மணியை வைத்து மணிக்கூட்டைத் திருத்து. அட்டவணையில் உன் வலயத்தைப் பார்த்துத் தொழு. மணிக்கூடு கொழும்போடு ஒத்து ஓட வேண்டும், தொழுகை சூரியனோடு. இரண்டையும் பிரித்து வைத்ததால் 1996 மே மாத மாற்றம் பள்ளிவாசல்களுக்குப் பெரிய வேலை வைக்கவில்லை. மே கடைசியில் காத்தான்குடியில் மாலை 6.15 அளவில் மறைந்த சூரியன் புதிய கணக்கில் 7.15 அளவில் மறைந்தது. அட்டவணையின் ஒவ்வோர் எண்ணோடும் ஒன்றைக் கூட்டினால் முடிந்தது.

துறையின் இரு பக்கம்

படுவான்கரைக்கு அந்தக் கூட்டல் ஏன் போகவில்லை என்பதற்குச் சற்றுப் பின்னே போக வேண்டும். 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள்மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தொழுகை நேரம் என்பது ஊர் முழுவதும் ஒரே கணத்தில் ஓரிடத்தில் கூடும் நேரம். தாக்க வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அதன்பின் அக்கரை வயல்களுக்குப் போய்வந்த முஸ்லிம் குடும்பங்கள் பல அந்தப் பக்கமே போக முடியாமல் ஆயின. எழுவான்கரை இராணுவத்திடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம் என்று வாவியே எல்லையாயிற்று. துறைகளின் இரு கரையிலும் சோதனை.

1996 மே மாத நேர மாற்றம் இந்த எல்லையின்மேல் வந்து விழுந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரசாங்கம் ஒரு மணியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. நாடு ஆறரையிலிருந்து ஆறு மணிக்கு இறங்கியது. புலிகளின் பகுதி ஐந்தரையிலேயே நின்றது. அன்றுமுதல் இரு கரைக்கும் இடையே சரியாக அரை மணி. ‘பழைய நேரம்’, ‘புதிய நேரம்’ என்று பேச்சில் பெயர் விழுந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்கி அக்கரையில் படிப்பித்த ஆசிரியருக்கும், அக்கரையிலிருந்து சந்தைக்கு வந்த வியாபாரிக்கும் ஒரு நேரத்தைச் சொன்னால் போதாது. எந்த நேரம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலை 8 மணிப் பாதையைப் பிடிக்கக் கரைக்கு வந்தவர், அது எந்த 8 மணி என்று முதலில் கேட்டாக வேண்டும்.

இதே ஆண்டுகளில் இரு கரையையும் தினமும் ஒன்றாகத் தொட்ட ஒரு குரல் இருந்தது. 1941 மே 3 முதல் லண்டனிலிருந்து ஒலித்த பிபிசி தமிழோசை. கிரீன்விச் நேரம் 15.45க்கு அது தொடங்கும். பழைய நேரத்தில் இரவு 9.15, 1996 மேயில் இருந்து ஒக்டோபர் வரை இக்கரையில் 10.15, அதற்குப் பிறகு 9.45. கரண்ட் இல்லாத படுவான்கரையிலும் நான்கு பற்றரி போட்ட சிற்றலை றேடியோ போதும். அதே அறிவிப்பாளர், அதே முதல் சொல், அதே கணம். ஒரு கரையில் முள் 9.15ஐக் காட்டியது, மறு கரையில் 9.45ஐ.

ஒரே ஒலி, இரு காது

இனிப் பொறியியல். இந்தத் தமிழோசைக் காட்சியில் இருக்கும் சூட்சுமத்தைக் கணினி விஞ்ஞானிகள் தங்கள் தேவைக்காகத் தனியே கண்டெடுத்தார்கள். 2002இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஜெரமி எல்சன், லூயிஸ் ஜிரோட், டெபொரா எஸ்ட்ரின் ஆகிய மூவரும் கம்பியில்லாமல் பேசும் சிறு உணர்கருவிகளுக்கு நேரம் ஒத்திசைக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பிருந்த முறை கேள்வி–பதில். 1985இல் டேவிட் மில்ஸ் இணையத்துக்கு வகுத்த நேர நெறிமுறை அப்படிப்பட்டது. என் கருவி ஒரு கேள்வியை அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நேர வழங்கி, கேள்வி தன்னிடம் வந்த நேரத்தையும் பதில் புறப்பட்ட நேரத்தையும் எழுதித் திருப்பி அனுப்பும். போய்வந்த தாமதத்தில் பாதி போக, பாதி வர என்று வைத்து என் பிழையைக் கணக்கிடலாம். போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு தாமதித்தால் கணக்கு சரி. கம்பியில்லா வலையில் அது உறுதியில்லை. செய்தி தயாரான பின்னும் வான்வெளி காலியாகும் வரை கருவி காத்திருக்க வேண்டியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பது ஒவ்வொரு முறையும் மாறும்.

எல்சன் குழுவின் வழி அனுப்புகிறவனைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. யாரோ ஒருவர் ஒரு சைகையைப் பொதுவாக ஒலிபரப்பட்டும். அதில் நேரம் எழுதியிருக்க வேண்டியதில்லை. கேட்ட கருவிகள் ஒவ்வொன்றும் ‘என் மணிக்கூட்டில் அது எப்போது கேட்டது’ என்று குறித்துவைத்து, பிறகு தங்களுக்குள் ஒப்பிடும். லண்டனிலிருந்து புறப்பட்டு மறுஒலிபரப்பு நிலையத்தைத் தாண்டி வரும் ஒலி எவ்வளவு பிந்தினாலும் இரு கரைக்கும் ஒரே அளவு பிந்துகிறது. 9.15க்கும் 9.45க்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பிழையில்லாமல் மிஞ்சுகிறது. அந்த அரை மணியைத் தெரிந்துகொண்டால் போதும். எவரும் தம் முள்ளைத் திருப்பாமலே ஒருவர் நேரத்தை மற்றவர் நேரமாக மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் பரிந்துரைத்தார்கள். மணிக்கூடுகளைத் திருத்தாதே, வித்தியாசங்களின் பட்டியலை வைத்துக்கொள். துறையடியில் ‘எந்த 8 மணி’ என்று கேட்டவர் மனத்தில் வைத்திருந்ததும் அதே பட்டியல்தான்.

ஒருமுறை ஒப்பிட்டால் போதுமா என்றால், போதாது. குவார்ட்ஸ் மணிக்கூட்டுக்குள் ஒரு பளிங்குத் துண்டு வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. மலிவான துண்டு பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகுவது சாதாரணம். நாளுக்கு 1.7 வினாடி, ஓராண்டில் பத்து நிமிடத்துக்கு மேல். அந்தத் துண்டு 25 பாகை வெப்பத்துக்குச் சீர்செய்யப்பட்டது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகவே ஓடும். வெயில் 35 பாகையைத் தொடும் கடற்கரை ஊரில் அதனால் மட்டும் நாளுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி பின்தங்கும். பள்ளிவாசல் சுவரில் சிவப்பு எழுத்தில் ஐந்து நேரத் தொழுகையும் காட்டும் மின்பலகை, ஊரின் அகலாங்கு நெட்டாங்கை வைத்துச் சூரியனைத் துல்லியமாகவே கணக்கிடும். உள்ளே இருக்கும் பளிங்கு பிசகினால் அந்தத் துல்லியம் முழுவதும் வீண். அதனால் அடிக்கடி கேட்டு, அடிக்கடி திருத்த வேண்டும். முன்பு றேடியோ ‘பீப்’ செய்ததை இன்று பல பலகைகளில் வைஃபை செய்கிறது.

கேட்கும் வழியையும் கவனிக்க வேண்டும். பழைய மத்திய அலை றேடியோவில் மில்லிவினாடிக்குள் வந்த பாங்கு, இன்று போன் செயலியில் அதே நிலையத்தைக் கேட்டால் பல வினாடிகள் பிந்தி வருகிறது. சுருக்கி, துண்டு துண்டாக்கி, வழியில் சேர்த்துவைத்து அனுப்புவதால் நேரும் தாமதம் அது. ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வோர் அளவு. ஒரே ஒலி எல்லாக் காதுக்கும் ஒரே கணத்தில் விழும் என்ற எல்சன் குழுவின் அடிப்படையே அங்கே போய்விடுகிறது. புதிய கருவி எப்போதும் பழையதைவிட நேரம் தவறாதது என்று நினைக்க வேண்டாம்.

யார் சொல்வதை ஏற்பது?

வைஃபை தனக்குள் நேரம் காக்கும் விதமும் நம் கதையோடு ஒட்டியது. 1997இல் வந்த அதன் முதல் விதிமுறையிலேயே ஒவ்வொரு கருவிக்குள்ளும் மைக்ரோவினாடி எண்ணும் ஒரு கணக்கி உண்டு. வீட்டு ரௌட்டர் வழக்கமாக வினாடிக்குப் பத்துத் தடவை போல ஒரு சிறு அறிவிப்பை அனுப்பும். அதில் தன் கணக்கியின் எண்ணும் இருக்கும். சேர்ந்திருக்கும் போனும் கணினியும் மறுபேச்சின்றித் தங்கள் எண்ணை அதற்கு மாற்றிக்கொள்ளும். ரௌட்டர் சொல்வது உலக நேரத்தோடு பொருந்துகிறதா என்று எவையும் கேட்பதில்லை. ஒரு வீட்டுக்குள் ஒரே எண் இருந்தால் வேலை நடக்கும்.

ரௌட்டர் இல்லாமல் கருவிகள் தாமே கூடிப் பேசும் முறையும் அதே விதிமுறையில் உண்டு. அங்கே தலைவன் இல்லை. அறிவிப்பை யார் முந்திக்கொள்கிறாரோ அவர் அனுப்புவார். கேட்டவர்கள், வந்த எண் தங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் அதை ஏற்பார்கள். மணிக்கூடுகள் முன்னே மட்டும் போகும், ஒருபோதும் பின்னே திரும்பாது. காலப்போக்கில் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் வேகமாக ஓடும் மணிக்கூட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். அது சரியான மணிக்கூடா என்பது கேள்வியே இல்லை.

ஒரு தலைவனுக்குக் கீழ்ப்படிவது, அல்லது எல்லோரும் ஒப்பிய ஒரு விதிக்குக் கீழ்ப்படிவது: ஒத்திசைவுக்கு இந்த இரண்டு வழிதான். 1996இல் இலங்கை முதல் வழியில் நாட்டை ஒத்திசைக்க முயன்றது. சைகை படுவான்கரைக்குப் போய்ச் சேராமல் இல்லை. கொழும்பு வானொலி அங்கேயும் தெளிவாகக் கேட்டது. கேட்டவர்கள் அந்தத் தலைவனை ஏற்கவில்லை. கடந்த பத்து இதழ்களில் நாம் பின்தொடர்ந்த கம்பியில்லாத் தந்தி, வானொலி, செயற்கைக்கோள் எல்லாம் துடிப்பைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். அந்தத் துடிப்பை எத்தனை மணி என்று எண்ணுவது என்ற முடிவைக் கேட்பவர்தான் எடுக்கிறார்.

சேர்ந்த நேரம், சேராத கரை

2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.30க்கு இலங்கை மணிக்கூடுகளை 12.00க்குத் திருப்பியது. சித்திரைப் புத்தாண்டு கழிந்த இரவு அது. நாடு மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. பத்தாண்டாக அசையாமல் நின்ற படுவான்கரை நேரத்தோடு தானாகவே ஒத்துப்போனது. படுவான்கரை அரச படைகளிடம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில். நிலத்துக்கு ஓர் ஆண்டு முந்தி நேரம் ஒன்றாகிவிட்டது.

கணினிகளுக்குள் அது அத்தனை எளிதாக நடக்கவில்லை. விண்டோஸின் நேர வலயப் பட்டியலில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்ற வரி ஆறு மணிக் கணக்கில் பதிந்திருந்தது. திருத்தம் வந்து சேராத கணினி, நாட்டைவிட அரை மணி முன்னாலேயே ஓடியது. சுவர் மணிக்கூட்டைப் போலக் கடிகாரத்தை மட்டும் திருப்பிவிட்டால் முகப்பில் காட்டும் நேரம் சரியாகும். ஆனால் கணினி உள்ளே வைத்திருக்கும் உலகப் பொது நேரம் அரை மணி பிசகிவிடும். அந்தக் கணினி அனுப்பும் மின்னஞ்சல் உண்மையில் புறப்பட்டதற்கு அரை மணி முன்னதாக முத்திரை குத்தப்பட்டு வெளிநாடு போகும். இலக்கத்தைத் திருத்துவதா, இலக்கத்துக்குரிய வலயத்தைத் திருத்துவதா என்று தெரியாமல் செய்த திருத்தம் ஒரு பிழையை இன்னொரு பிழையாக மாற்றியது.

விண்டோஸுக்கு வெளியே உலகின் பெரும்பாலான கணினிகளும் போன்களும் இதற்காக ஒரு பொதுப் பட்டியலைப் பார்க்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி வைத்த அந்தப் பட்டியலை இப்போது கவனிப்பவர் போல் எகர்ட். இலங்கைக்குரிய வரி ‘ஆசியா/கொழும்பு’. 1880, 1906, 1942, 1945, 1996இல் இருமுறை, 2006 என எல்லா மாற்றமும் அதில் வரிசையாக உண்டு. அதற்கு மேலே குறிப்புரையாக, புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை என்ற ராய்ட்டர் செய்தியை எடுத்துப் போட்டு, அவர்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் இந்தியாவுக்குரிய வரியைப் பயன்படுத்திக்கொள்ளலாம், 1970 முதல் அதுவும் அங்குள்ள நேரமும் ஒன்றே என்று 2006 ஏப்ரலில் எகர்ட் எழுதிச் சேர்த்திருக்கிறார். வாவியின் அரை மணி அகலம் உலகத்துப் போன்களின் மூலநிரலோடு இன்றும் பயணம் செய்கிறது.

மூன்று மைக்ரோவினாடி

2014இல் மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது. 210 மீற்றர், பாதைக்குக் காத்துநின்ற காலம் முடிந்தது. வானொலி அலைக்கு அந்தத் தூரம் 0.7 மைக்ரோவினாடி. இன்று இரு கரைக் கோபுரங்களுக்கும் அந்த அளவிலான நேரம் பெரிய காரியம்.

வீட்டு இணையத்துக்கான 4ஜி சேவைகள் பல, ஒரே அலைவரிசையில் சற்று நேரம் பேசி, சற்று நேரம் கேட்கும் வகையைச் சேர்ந்தவை. பக்கத்துக் கோபுரங்கள் எல்லாம் ஒரே கணத்தில் பேசி ஒரே கணத்தில் கேட்க வேண்டும். ஒன்று கேட்கும்போது மற்றது பேசினால், எங்கோ ஒரு வீட்டு ரௌட்டரிலிருந்து வரும் மெல்லிய சைகை அந்த இரைச்சலில் அடிபட்டுப் போகும். அதனால் அயல் கோபுரங்களின் தொடக்கக் கணங்களுக்குள் 3 மைக்ரோவினாடிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் 900 மீற்றர்தான். வாவியும் கடலும் சூழ்ந்த நிலத்தில் மறைப்பு குறைவு. அலை தண்ணீர்மேல் தடையின்றி நெடுந்தூரம் போகும். ஆகவே கட்டுப்பாடு இன்னும் அவசியம்.

கோபுரங்கள் ஒன்றையொன்று கேட்டு இதைச் சாதிப்பதில்லை. வழக்கமாக ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிறு ஜிபிஎஸ் ஏற்பி இருக்கும். சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அணுக்கடிகாரத்தோடு சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து எல்லாக் கோபுரமும் தனித்தனியே நேரம் எடுக்கின்றன. முற்றத்து நிழலைப் பார்த்த பள்ளிவாசல்களைப் போல, மேலே உள்ளது ஒன்று என்பதால் கீழே உள்ளவை ஒத்துப்போகின்றன. ஒரு வித்தியாசம்: சூரியன் எந்த அரசாங்கத்துக்கும் உரியதல்ல. ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவம் அமைத்து நடத்துவது. காத்தான்குடியிலும் கொக்கட்டிச்சோலையிலும் போன் பேசும் எவரும் இந்தத் தலைமையை ஏற்பதா வேண்டாமா என்று கேட்கப்படவில்லை. 1996இல் ஒரு கரை மறுக்க முடிந்தது, ஏனென்றால் முள் அவரவர் கையில் இருந்தது. இன்று முள் நம் கையில் இல்லை.

அந்தக் கோள்களின் நேரமும் உலகப் பொது நேரமும் ஒன்றல்ல. பூமியின் சுழற்சிக்காக அவ்வப்போது சேர்க்கப்படும் வினாடியை ஜிபிஎஸ் சேர்ப்பதில்லை. 2017 முதல் அது 18 வினாடி முன்னே ஓடுகிறது. வாரங்களையும் அது 1,024 வரைதான் எண்ணும். பிறகு பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் திரும்பியபோது சில கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னே போய் விழுந்தன. அதுவரை ஒருவரும் கேள்வி கேட்காத ஒரு தலைவன் தன் எண்ணிக்கையைத் தொலைத்தால், அவனைப் பின்பற்றியவர்கள் யாரிடம் நேரம் கேட்பது? அடுத்த இதழில் அந்தக் கதை.

(தொடரும்)